பாய் நனைகிற பிள்ளை

ஐந்து வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் ஏறத்தாழ 15 பேர் இரவில் பாயை நனைப்பார்கள். ஏழு வயதில் இது பத்துப் பேர்வரை இருக்கும், பத்து வயதில் ஐந்து பேர். வளர்ந்து ஆளான பிறகும் நூற்றில் ஒருவருக்கு மிஞ்சியிருக்கக்கூடும். சென்னையானாலும் லண்டனானாலும் ஜவ்வாதுமலையானாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. ஜமுனாமரத்தூரிலோ புதூர்நாட்டிலோ ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறிலிருந்து பத்து வயதுக்குள் அறுபது பிள்ளைகள் தங்கிப் படித்தால், அவர்களில் நான்கைந்து பேராவது அவ்வப்போது ஈரப் பாயில் கண் விழிப்பார்கள். "எங்க ஹாஸ்டல்ல அப்படி யாரும் கிடையாதுங்க" என்று ஒரு காப்பாளர் சொன்னால், அங்கே பிள்ளைகள் நன்றாக மறைக்கப் பழகிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து வயது நிறையும்வரை இதற்காக எதுவும் செய்ய வேண்டாம். ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் இந்த அத்தியாயத்தில் வரும் பழக்கங்களை ஏற்படுத்தினால் போதும். மருந்து, அலாரம் என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டித்தான். அதற்கு முன்பே மருத்துவரிடம் போக வேண்டிய சில பிள்ளைகள் உண்டு. அவர்களை அடையாளம் காண்பது எப்படி என்று பின்னால் சொல்கிறேன், அந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஏன் நனைகிறது? இரவானதும் மூளை ஒரு ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, சிறுநீரகத்திடம் "கொஞ்சம் நிறுத்து" என்று சொல்லும். வாசோப்ரெசின் என்பது அதன் பெயர். சில பிள்ளைகளுக்கு இந்த இரவுச் சுரப்பு தாமதமாகத்தான் சரியாகிறது, அதனால் பகல்போலவே இரவிலும் சிறுநீர் ஊறிக்கொண்டிருக்கும். வேறு சிலருக்குச் சிறுநீர்ப்பை சிறியது, அல்லது நிறையும் முன்பே சுருங்கிவிடுகிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும், பை நிறைந்த செய்தி மூளைக்கு எட்டிக் கண் விழித்துவிட்டால் பாய் நனையாது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி தூக்கத்தை உடைப்பதில்லை. இவற்றில் எதையும் பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை, சோம்பலாலும் செய்யவில்லை.

பரம்பரைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. தாய் தகப்பன் இருவரில் ஒருவர் சின்ன வயதில் நனைத்திருந்தால் பிள்ளைக்கு அது வர நூற்றுக்கு 44 அளவில் வாய்ப்பு, இருவருமே என்றால் 77. தகப்பன் பத்து வயதுவரை பாயை நனைத்த கதை பாட்டிக்குத் தெரியும். தகப்பன் வாயைத் திறக்கமாட்டார். அவரைச் சொல்ல வையுங்கள். "எனக்கும் இருந்துச்சுடா, அப்புறம் நின்னு போச்சு" என்று அப்பா ஒருமுறை சொல்வதைவிடப் பிள்ளைக்குத் தெம்பு தருவது வேறில்லை.

சூடு போட்டுவிடுவேன் என்ற மிரட்டல், ஈரப் பாயைத் தலையில் வைத்து வெயிலில் நிறுத்துவது, மந்திரித்துக் கயிறு கட்டுவது, எள்ளும் வெல்லமும் இடித்துக் கொடுப்பது என்று ஊர்கள்தோறும் வைத்தியங்கள் உண்டு. எள்ளுருண்டை நல்ல தின்பண்டம், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஒரு கணக்கை மனதில் வையுங்கள்: பாய் நனைக்கும் பிள்ளைகளில் ஆண்டுக்கு நூற்றில் 15 பேருக்கு எதுவும் செய்யாமலே நின்றுவிடுகிறது. அந்த ஆண்டில் யார் என்ன செய்திருந்தாலும் பேர் அவருக்குப் போய்ச் சேரும். கயிறு கட்டியவருக்கும் சேரும், பிரம்பெடுத்தவருக்கும் சேரும். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1911இல், எட்டு வயதில், ஓர் உறைவிடப் பள்ளியில் சேர்ந்த புதிதில் படுக்கையை நனைத்ததற்காக அடி வாங்கினார். அதன்பின் நனைப்பது நின்றுபோனதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது என்றும் சொல்லி, அந்த அவமானத்தை வைத்தே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகுதான், 1952இல், அது அச்சேறியது. நம் விடுதிகளுக்கு வேறொரு கணக்கும் உண்டு: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை வருத்துவதையும் தடை செய்திருக்கிறது. பாயைத் தலையில் சுமக்க வைப்பது அதில் அடங்கும்.

பகல் வேலை

இரவுப் பிரச்சினைக்கு வேலை செய்ய வேண்டிய நேரம் பெரும்பாலும் பகல்தான். இதைச் சொன்னால் பெற்றோர் நம்புவதில்லை. "ராத்திரி தண்ணியே குடுக்கறதில்லைங்க, அப்படியும் போறான்" என்பார்கள். அந்தப் பிள்ளை பகலில் எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். காலையில் ஒரு டம்ளர் டீ, மதியச் சாப்பாட்டோடு கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இருக்காது, அதனால் குடிப்பதையே பிள்ளைகள் குறைத்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலரைவரை அடக்கி வைத்துவிட்டு, வீடு திரும்பியதும் தாகத்துக்குச் சொம்பு சொம்பாகக் குடித்தால் அந்தத் தண்ணீர் இரவில்தான் இறங்கும்.

இதைத் தலைகீழாக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறேழு டம்ளர் என்று வைத்துக்கொண்டால், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மதியத்துக்குள், அதே அளவு பள்ளி முடியும் நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். மீதி கொஞ்சம்தான் மாலைக்கு. தூங்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளை தாகம் என்று கேட்டால் இரண்டு மிடறு கொடுங்கள், வாயைக் கட்டிப் போட வேண்டாம். இருட்டிய பிறகு டீ, காபி கூடாது. மலையில் குளிருக்குப் பிள்ளைகளுக்கும் டீ ஊற்றிக் கொடுப்பது வழக்கம், அதைக் காலையோடு நிறுத்துங்கள். மார்கழி, தை மாதங்களில் நனைவது கூடுதலாக இருக்கும். குளிரில் வேர்வை குறைந்து சிறுநீர் கூடுவதால் அப்படி ஆகிறது, பிள்ளை பின்னோக்கிப் போய்விட்டதென்று பயப்பட வேண்டாம்.

கேரளப் பள்ளிகளில் 2019இல் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடிக்கத் தொடங்கினார்கள். மலைப் பள்ளிக்கு அது நல்ல யோசனை. ஆனால் அந்த மணி அடித்த அரை மணி நேரத்தில் எல்லோரும் ஒரு நடை கழிப்பறைக்குப் போய்வர இன்னொரு மணியும் வேண்டும். இரண்டரை மணி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, அவசரம் வருவதற்கு முன்பே, போய்ப் பழக வேண்டும். சிறுநீர்ப்பை சிறியதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் எத்தனை மில்லி பிடிக்க வேண்டும் என்று கிடைக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு 270 மில்லி, கால் லிட்டருக்குச் சற்று மேல். ஒரு விடுமுறை நாளில், நன்றாக முட்டிக்கொண்டு வரும்போது ஓர் அளவுக் குவளையில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதிலும் பாதிதான் வருகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மலச்சிக்கல். இதை யாரும் கேட்பதில்லை, பிள்ளையும் சொல்வதில்லை. மலக்குடல் நிறைந்து கிடந்தால் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அமுக்கும், பை பிடிக்கும் அளவு குறையும், நேரம் கெட்ட நேரத்தில் சுருங்கும். மலச்சிக்கலைச் சரிசெய்ததும் பாய் காய்ந்துபோன பிள்ளைகள் நிறைய. வீட்டில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கீரையும் தின்று வளர்ந்த பிள்ளை, விடுதிக்கு வந்ததும் மூன்று வேளையும் அரிசிச் சோறும் நீர்த்த சாம்பாரும் சாப்பிடுகிறது, விடுதிக் கழிப்பறையின் வரிசைக்கும் நாற்றத்துக்கும் பயந்து அடக்குகிறது. சேர்ந்த சில வாரங்களில் நனைக்கத் தொடங்குவதில் என்ன வியப்பு? மூன்று நாளுக்கு ஒருமுறை போகிறதா, ஆட்டுப் புழுக்கைபோல் கெட்டியாகப் போகிறதா என்று நேராகக் கேளுங்கள். கொய்யா, சீதாப்பழம், பப்பாளி, பலாப் பருவத்தில் பலாச்சுளை எல்லாம் இந்த மலையிலேயே கிடைக்கின்றன. காலை உணவு முடிந்ததும் பத்து நிமிடம் அவசரப்படுத்தாமல் கழிப்பறையில் உட்காரவிடுங்கள். இரண்டு வாரத்தில் இளகவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலம் இளக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். கீரிப்பூச்சி அரிப்பும் சில பெண் பிள்ளைகளைத் தொந்தரவு செய்து நனைய வைக்கும்.

இருட்டு

சமவெளியில் எழுதப்படும் புத்தகங்கள் "படுக்கும் முன் கழிப்பறைக்கு அனுப்புங்கள், இரவில் எழுந்தால் போய்வரட்டும்" என்று இரண்டு வரியில் முடித்துவிடும். மலைக் கிராமத்தில் கழிப்பறை வீட்டுக்கு வெளியே, இருபது முப்பது அடி தள்ளி இருக்கும். பல வீடுகளில் அரசு கட்டிக்கொடுத்த கழிப்பறையில் விறகு அடுக்கியிருக்கும். வெளியே இருட்டு, பனி, பாம்பு, பன்றி. பலா பழுக்கும் காலத்தில் கரடியும் வரும். பாதித் தூக்கத்தில் விழித்த ஒன்பது வயதுப் பிள்ளை போர்வையை விலக்கிக்கொண்டு தனியாக அந்த இருட்டுக்குள் போகாது, திரும்பப் படுத்துக்கொள்ளும். மீதியைச் சொல்ல வேண்டாம்.

மூடியோடு வருகிற பழைய பெயிண்ட் வாளி ஒன்றை மூலையில் வைத்தால் இதில் பாதி தீரும். அடியில் கொஞ்சம் தண்ணீரோ சாம்பலோ போட்டு வையுங்கள், காலையில் கொட்டிக் கழுவிக்கொள்ளலாம். பெண் பிள்ளைக்கு ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக் கொடுங்கள். ஒரு சின்ன சோலார் விளக்கு இரவு முழுக்க எரியட்டும். படுக்கும் முன் ஒருமுறை, விளக்கைக் குறைக்கும் முன் இன்னொரு முறை என்று இரண்டு தடவை வாளிக்குப் போய்வரச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் படுக்கும்போது, பத்தரை மணி வாக்கில், பிள்ளையை எழுப்பிக் கூட்டிப் போவதுண்டு. அந்த இரவு பாய் காயும் என்ற அளவில் நல்லதுதான். ஆனால் அதனால் பிள்ளை தானாக விழிக்கக் கற்றுக்கொள்ளாது. எழுப்புவதானால் முழுக்க எழுப்புங்கள், பெயரைக் கேட்டால் சொல்லும் அளவுக்கு. தோளில் தூக்கிக் கொண்டுபோய் நிற்க வைத்தால், தூக்கத்திலேயே போவதற்கு நாமே பழக்குகிறோம்.

பாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோரைப் பாய் ஒருமுறை ஊறினால் நாற்றம் போகாது. பாயின் மேல் கழுவிய யூரியா சாக்கையோ ரப்பர் விரிப்பையோ போட்டு, அதன்மேல் நாலாக மடித்த பழைய நூல் சேலை, அதற்கு மேல் இன்னொரு சாக்கு, இன்னொரு சேலை. இரவில் நனைந்தால் மேல் அடுக்கை மட்டும் உருவிப் போட்டுவிட்டுப் பிள்ளை அப்படியே படுத்துக்கொள்ளலாம். விளக்கேற்றி வீட்டையே எழுப்ப வேண்டாம். நனைந்த துணியைக் காலையில் உடனே பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு சோப்புப் போட்டு வெயிலில் காயப் போடுங்கள். பிள்ளையும் கூட நின்று துவைக்கலாம், ஆனால் அது தண்டனையாகத் தோன்றக் கூடாது. காலையில் இடுப்புக்குக் கீழே கழுவாமல் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். வாடை வந்தால் பெஞ்சில் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள், படிப்பு அங்கேதான் முதலில் கெடும்.

விடுதிக் காப்பாளருக்கு

பிள்ளை விடுதியை விட்டு வீட்டுக்கு ஓடிப்போனால் "வீட்டு ஏக்கம்", "படிப்பில் நாட்டமில்லை" என்று எழுதிவிடுகிறோம். ஆறு வயதில் அம்மாவின் போர்வைக்குள்ளிருந்து எழுந்து வந்து, நாற்பது பேர் வரிசையாகப் படுக்கும் கூடத்தில் முதல் இரவே நனைத்துவிட்ட பிள்ளைக்கு ஓடிப்போவதற்கு வேறு காரணம் தேவையில்லை. சேர்க்கையின்போதே, மற்றவர்கள் காதில் விழாமல், தாயிடம் கேட்டுவிடுங்கள்: "ராத்திரியில பாய் நனைக்குமாம்மா? சொல்லுங்க, நாங்க பார்த்துக்கறோம்." கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் இடம் கிடைக்காதோ என்று மறைப்பார்கள்.

அந்தப் பிள்ளைக்குக் கழிப்பறைப் பக்கத்துக் கதவோரம் இடம் கொடுங்கள், ஆனால் தனியாக ஒதுக்கிப் படுக்க வைக்காதீர்கள். இரவு பத்தரைக்குச் சின்னப் பிள்ளைகள் எல்லோரையுமே எழுப்பி ஒரு நடை அனுப்பிவிட்டால் யாருக்காக எழுப்புகிறோம் என்பது யாருக்கும் தெரியாது. கழிப்பறை போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்று நீங்களே ஓர் இரவு நடந்து பாருங்கள். பல்பு போயிருந்தால் பிள்ளைகள் புகார் சொல்லமாட்டார்கள், நனைத்துவிடுவார்கள். மாற்று உடையும் இரண்டு துணிகளும் பிள்ளையின் டிரங்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். நனைந்ததைக் காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன் கொண்டுபோய்ப் போட ஓர் இடமும், அதைப் பேசாமல் வாங்கிக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். சமையல் அக்கா இந்த வேலைக்குக் காப்பாளரைவிடப் பொருத்தம் என்பது என் எண்ணம். கேலிப் பெயர் வைக்கும் பிள்ளையைக் கண்டியுங்கள், அதையும் தனியாகக் கூப்பிட்டுச் செய்யுங்கள்.

உடனே மருத்துவரிடம்

ஆறு மாதமோ அதற்கு மேலோ பாய் காய்ந்திருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைத்தால் அது வேறு விஷயம். தாகம் அதிகமாகி, அடிக்கடி போய், உடம்பு இளைத்துக்கொண்டே வந்தால், போன இடத்தில் எறும்பு மொய்த்தால், அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாக மாறும். வாந்தியும் மேல்மூச்சும் சேர்ந்தால் பேருந்துக்குக் காத்திராமல் 108ஐக் கூப்பிடுங்கள். எரிச்சல், காய்ச்சல், சிவந்த சிறுநீர், முகம் வீக்கம் இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். பகலிலும் சொட்டிக்கொண்டே இருப்பது, முக்கி முக்கிப் போவது, நடை தளர்வது, முதுகின் கீழ்ப்பக்கம் குழியோ முடிக்கொத்தோ இருப்பது ஆகியவற்றுக்கு எந்த வயதானாலும் மருத்துவமனைதான். ஒவ்வோர் இரவும் பெரிதாகக் குறட்டை விட்டு வாய்வழி மூச்சுவிடும் பிள்ளைக்குத் தொண்டைச் சதையைப் பார்க்க வேண்டும், அதுவும் இரவில் நனைய ஒரு காரணம்.

பழங்குடிப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: அரிவாள் செல் இரத்தசோகை. நீலகிரிப் பழங்குடிகளிடையே இந்த நோய் இருப்பது நெடுநாளாகத் தெரிந்தது. இந்த நோயில் சிறுநீரகத்தால் சிறுநீரைச் செறிவாக்க முடியாது, அதனால் இரவில் நனைப்பது சாதாரணம். 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டத்தில் 40 வயதுவரையுள்ள பழங்குடி மக்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். வெளிறிய முகம், மஞ்சள் கண், அடிக்கடி கைகால் வலி இவற்றோடு நனைக்கும் பிள்ளைக்கு இந்தப் பரிசோதனையைக் கேட்டே வாங்குங்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் வீட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். புதிதாகத் தம்பி பிறந்திருக்கலாம், சாவு நேர்ந்திருக்கலாம், அப்பா அம்மா எஸ்டேட் வேலைக்கு மாதக்கணக்கில் போயிருக்கலாம். இந்த மலையில் வேலைக்குப் போன அப்பா திரும்பாத வீடுகளும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லிப் போலீசார் சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாதுமலைக்காரர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையிடம் பாயைப் பற்றிப் பேசும் முன் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும். யாராவது பிள்ளையைத் தொட்டுத் துன்புறுத்துகிறார்களா என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒடுங்குவது, உள்ளாடையில் கறை, தனியாகப் படுக்கப் பயம் இவை சேர்ந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம்.

அலாரமும் மாத்திரையும்

பழக்கங்களை மாற்றி இரண்டு மூன்று மாதம் ஆகியும் ஏழு வயது தாண்டிய பிள்ளை நனைத்தால் அடுத்த படி. ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் புதிய கண்டுபிடிப்பல்ல, 1938இல் அமெரிக்காவில் மவ்ரர் தம்பதியர் அதைச் சிகிச்சையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு மூன்று மாதம் விடாமல் கட்டினால் மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் கிடைக்கும். தொடர்ந்து 14 இரவு காயும்வரை நிறுத்தக் கூடாது. முதல் வாரங்களில் அலாரம் அடித்தால் பிள்ளையைத் தவிர வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அம்மா எழுந்து பிள்ளையை உலுக்கி எழுப்பினால்தான் வேலை நடக்கும். நாற்பது பேர் தூங்கும் கூடத்தில் இது ஆகாத காரியம். கோடை விடுமுறையில் வீட்டில் வைத்துத் தொடங்குங்கள்.

விடுதிக்கோ சுற்றுலாவுக்கோ உடனடிப் பலன் வேண்டுமென்றால் டெஸ்மோபிரெசின் மாத்திரை உண்டு, மருத்துவர் எழுதித் தர வேண்டும். படுக்கும் முன் போடுவது. அதைப் போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து அடுத்த எட்டு மணி நேரம்வரை ஒரு டம்ளருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. மீறினால் தண்ணீர் உடம்பில் தங்கி இரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்பு வரலாம். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் போடவே வேண்டாம். விடுதியில் மாத்திரை காப்பாளரின் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். இந்த விதியைத் தெரிந்த ஒருவரே எடுத்துக் கொடுக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தினால் பல பிள்ளைகளுக்கு மறுபடி நனையும், அதற்காக மருந்து தோற்றதென்று நினைக்க வேண்டாம். இமிப்ரமின் என்ற பழைய மாத்திரை விலை குறைவு, ஆனால் கைதவறி அதிகம் விழுங்கினால் இதயத்தைப் பாதிக்கும். தவழும் தம்பி தங்கை உள்ள வீட்டில் அதை வேண்டாம் என்றே சொல்லிப் பாருங்கள்.

ஜமுனாமரத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். மேற்கொண்டு போக வேண்டியிருந்தால் திருவண்ணாமலை, வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்ட வண்டியின் மருத்துவரிடம் பெயரைப் பதிந்தால் மேல் மருத்துவமனைக்குச் சீட்டு கிடைக்கும். போகும் முன் இரண்டு வாரத்துக்கு ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தெந்த இரவு நனைந்தது, எத்தனை மணிக்கு, பகலில் எத்தனை தடவை போனது, மலம் எப்போது போனது, என்ன குடித்தது. சிறுநீரைப் பரிசோதிப்பார்கள் என்பதால் காலையில் வீட்டிலேயே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போக நினைப்பீர்கள். மலையிறங்கிப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் அது கெட்டுவிடும், அங்கே போய்ப் பிடித்துக் கொடுங்கள்.